கைவசமிருந்த பாட்டு: வன்னிப் பெருநிலப்பரப்பில் இணைப்பின்றி இசை கேட்டலின் வரலாறு

இசை கேட்டல் என்பது தனிமனித இரசனை சார்ந்த விடயமாகவே நம்மிடையே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. பாடலின் யாப்பு, இராகம், பாடியவரின் குரல்வளம் என்பன பற்றி நம்மவர் நிறைய எழுதியுள்ளனர். ஆனால் ஒரு பாடல் எவ்வழியாகக் கேட்பவரை வந்தடைகின்றது, வந்தடைந்த பின்னர் அது எவர் கையில் இருக்கின்றது, அதனை நிறுத்தும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்னும் வினாக்கள் நமது ஆய்வுலகில் போதிய கவனத்தைப் பெறவில்லை. இசையின் அழகியலை ஆராய்வோர் அதன் விநியோகத்தைப் பொறியியலாளரிடம் விட்டுவிடுகின்றனர். பொறியியலாளரோ அதனை வர்த்தகரிடம் விட்டுவிடுகின்றனர்.

இன்று இணையவழி இசைச் சேவைகள் பெருகியுள்ளன. மாதாந்தக் கட்டணம் செலுத்துவோர் தாம் விரும்பும் பாடல்களைத் தமது கைப்பேசியிலோ சிறு ஒலிக்கருவியிலோ இறக்கி வைத்து, இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் கேட்கலாம். இது நவீன தொழில்நுட்பம் தந்த புதியதொரு வசதி என்றே விளம்பரங்கள் கூறுகின்றன. வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தவர்க்கு இக்கூற்று வியப்பளிப்பதாகும். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் வவுனியாவின் வடபகுதியிலும் வாழ்ந்த மக்கள், மின்சாரமும் பற்றரியும் மறுக்கப்பட்டிருந்த பன்னிரண்டு ஆண்டுகள் இணைப்பின்றியே இசை கேட்டனர். அவர்களது அனுபவத்தைத் துணையாகக் கொண்டு, பாடலைக் கைவசம் வைத்திருத்தல் என்பதன் சமூகப் பொருள் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நினைவே கருவியாக

ஒலியைப் பதிவு செய்யும் கருவி தோன்றுவதற்கு முன்னர் பாடலைச் சேமித்து வைக்க மனித நினைவொன்றே இருந்தது. வன்னியின் வேளாண்மை வாழ்வோடு இணைந்த அரிவுவெட்டுப் பாடல்களும், பயிரை அழிக்கும் பன்றியையும் குருவியையும் பொருளாகக் கொண்ட பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு ஆகியனவும் இவ்வாறே தலைமுறை தலைமுறையாக வந்தன. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வழிபாட்டோடும் முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தோடும் தொடர்புடைய பாடல்களும் அத்தகையனவே. கூத்தின் பாட்டை அண்ணாவியார் தமது கொப்பியில் எழுதி வைத்திருக்கலாம். ஆயினும் மெட்டு அக்கொப்பியில் இல்லை. அது அவரது தொண்டையிலும் ஆடுவோரின் காலிலும் இருந்தது.

ஜே. பி. லூயிஸ் என்னும் குடியேற்ற ஆட்சி அதிகாரி வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேட்டினை 1895இல் வெளியிட்டார். நிலம், குளம், குடி, வரலாறு என்பன பற்றி அறிய விழைவோர்க்கு அது இன்றும் பயன்படும் நூலாகும். எனினும் எழுத்தினால் இயல்வது பாடலின் சொல்லைக் காப்பது மட்டுமே. அக்கால வன்னி மக்கள் எவ்வாறு பாடினர் என்பதை எந்தக் கையேட்டிலிருந்தும் நாம் கேட்க முடியாது.

நினைவு என்னும் சேமிப்புமுறைக்கு இரு பண்புகள் உள்ளமை கருதத்தக்கது. முதலாவது, அதனை எந்த வெளிச்சக்தியும் துண்டிக்க இயலாது. இரண்டாவது, அது கூட்டு உழைப்போடு பிணைந்தது. அரிவுவெட்டு இயந்திரமயமானபோது பாடலுக்கான சமூகத் தேவை மறைந்தது. தேவை மறையவே நினைவும் தேய்ந்தது. எனவே பழைய முறை குறையற்றது எனக் கொண்டாடுவதற்கில்லை. பாடியவர் இறந்தால் பாட்டும் இறக்கும் நிலை அதில் உண்டு.

கொழும்பிலிருந்து வந்த ஒலி

1925 டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிற்று. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. 1967இல் அந்நிறுவனம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாற்றப்பட்டது. அதன் தமிழ்ச் சேவை பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகத்திலும் பெருந்தொகையான நேயர்களைப் பெற்றிருந்தமை பலரும் அறிந்ததே.

இரணைமடுக் குளத்தை ஆதாரமாகக் கொண்டு எழுந்த குடியேற்றக் கிராமங்களில் திரான்சிஸ்ரர் வானொலி வகித்த இடம் சாதாரணமானதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணி பெற்று வந்தவர்களும், வன்னியின் பூர்வீகக் குடிகளும், 1958, 1977ஆம் ஆண்டுகளின் இனவன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்தும் தென்பகுதியிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களும் அயலவராக வாழ்ந்த பிரதேசம் இது. வெவ்வேறு நாட்டார் பாடல் மரபுகளை உடைய இவர்களுக்குப் பொதுவான இசை ஒன்றிருந்ததெனின், அது வானொலி தந்த திரைப்படப் பாடலே எனலாம். நேயர் விருப்பம் போன்ற நிகழ்ச்சிகளில் தபாலட்டை அனுப்பியவர்களின் பெயரும் ஊரும் வாசிக்கப்படுகையில், தேசப்படத்தில் எளிதிற் காணவியலாத ஒரு வன்னிக் கிராமம் ஒரு கணம் தீவு முழுவதும் ஒலித்தது.

ஆனால் வானொலியின் பாடல் கேட்பவருக்குச் சொந்தமானதன்று. அது ஓடிவரும் நீர் போன்றது; மதகு கொழும்பில் இருந்தது. எப்பாடலை, எந்நேரத்தில், எத்தனை முறை ஒலிபரப்புவது என்பதை நிலையமே தீர்மானித்தது. அலைவரிசையைத் திருப்புவதைத் தவிர நேயருக்கு வேறு உரிமை இருக்கவில்லை. இன்றைய இணையவழிச் சேவையின் தன்மையை விளங்கிக்கொள்ள இந்த உறவை மனங்கொள்ளல் வேண்டும்.

ஒலிநாடாவின் வருகை

பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டு பேர்லின் கண்காட்சியில் கசெற் ஒலிநாடாவினை அறிமுகப்படுத்தியது. பெல்ஜியத்தின் ஹசெல்ற் நகரத் தொழிற்சாலையில் லூ ஒற்றன்ஸ் என்பவரின் தலைமையில் உருவான இச்சிறு பெட்டகத்தில், ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் அகலமுள்ள நாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும். பக்கத்திற்கு 30 நிமிடம் கொண்டதும் 45 நிமிடம் கொண்டதுமான நாடாக்களே பெருவழக்காயின. 1979 யூலையில் சோனி நிறுவனம் ‘வோக்மன்’ கருவியை யப்பானில் விற்பனைக்கு விட்டதோடு, இசையை உடலோடு கொண்டு திரியும் வழக்கம் உலகெங்கும் பரவத் தொடங்கிற்று.

இசைத்தட்டினின்றும் ஒலிநாடா வேறுபட்ட இடம் எது? இசைத்தட்டைக் கேட்பவர் கேட்பவராகவே இருப்பார். ஒலிநாடாவோ கேட்பவரைப் பதிவாளராகவும் ஆக்கிற்று. வெற்று நாடாவும் பதிவுக்கருவியும் இருப்பின் வானொலியில் வந்த பாடலைப் பிடித்து வைக்கலாம். குழந்தையின் மழலையைப் பதியலாம். மத்திய கிழக்கிற்கு உழைக்கப் போனவருக்குக் கடிதத்திற்குப் பதிலாகக் குரலையே அனுப்பலாம். விற்பனைக்கு வரும் நாடாவின் முதுகுப்புறத்தில் இருக்கும் இரு சிறு தகடுகளை உடைத்துவிட்டால் அதன்மேற் பதிய முடியாது. உடைத்த பள்ளத்தில் ஒட்டுநாடாத் துண்டொன்றை ஒட்டிவிட்டால் மீண்டும் பதியலாம். நிறுவனம் இட்ட பூட்டினைத் திறக்க ஓர் அங்குல ஒட்டுநாடா போதுமானதாக இருந்த காலம் அது.

வடக்கின் நகரங்களில் ‘றெக்கோடிங் பார்’ என மக்கள் வழங்கிய ஒலிப்பதிவுக் கடைகள் தோன்றின. விரும்பிய பாடல்களைத் தாளில் வரிசையாக எழுதி, வெற்று நாடாவுடன் கொடுத்துவிட்டு, சில நாள்களின் பின் சென்று பெற்றுக்கொள்ளலாம். ஒருவர் தெரிந்தெடுத்த வரிசையே அவரது இரசனையின் சான்றாயிற்று. புலமைச் சொத்துத் தொடர்பான சட்டக்கோவை 1979இல் நிறைவேற்றப்பட்டிருந்தபோதிலும், இக்கடைகளின் நாளாந்த நடைமுறையில் அது பெருந்தாக்கத்தை ஏற்படுத்தியதாகத் தெரியவில்லை. பாடலை ஆக்கியோர்க்கு இப்படிகளால் ஊதியம் எதுவும் சென்றடையவில்லை என்பதையும் மறைக்காது கூறல் வேண்டும்.

தடையின் காலம், 1990–2002

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து வடக்கிற்கான மின்விநியோகம் அற்றுப்போயிற்று. அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடையில் எரிபொருள், சீமெந்து, உரம் என்பனவற்றோடு பற்றரியும் இடம்பெற்றது. போர்க்கருவிகளுக்குப் பயன்படக்கூடும் என்பது தடைக்குக் கூறப்பட்ட காரணம். விளைவினை அனுபவித்தவர்களோ பெரும்பாலும் விளக்கிற்கு எண்ணெயின்றிப் படித்த மாணவரும் செய்தி கேட்க வழியற்ற குடும்பங்களுமே. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து நிகழ்ந்த பெரும் இடப்பெயர்வின் பின்னர் பெருந்தொகையானோர் வன்னியை வந்தடைந்தனர். 1996இல் கிளிநொச்சி நகர் படையினர் வசமாகியது. நகர மக்கள் மேலும் உள்ளே காட்டோரக் கிராமங்களுக்குப் பெயர்ந்தனர். 1998 செப்ரெம்பரில் அந்நகர் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிற்கு மீண்டபோது அங்கு முழுமையாக நின்ற கட்டிடங்கள் அரிதாயின.

இச்சூழலில் மக்கள் எவ்வாறு வானொலியும் ஒலிநாடாவும் கேட்டனர் என்பது தொழில்நுட்ப வரலாற்றில் இடம்பெற வேண்டிய விடயமாகும். சைக்கிளின் முன்விளக்கிற்கு மின்தரும் டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று அளவினது. அது தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இருவாயிகளைக் கொண்டு ஓட்டத்தைத் திருத்தி, கொள்ளளவி ஒன்றினால் ஏற்ற இறக்கத்தைத் தணித்துவிட்டால், 1.5 வோல்ற்றுக் கலங்கள் நான்கின் இடத்தை ஒரு சைக்கிள் நிரப்பிவிடும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதிபடியைக் கையாற் சுற்ற, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்டனர். க.பொ.த. உயர்தர வகுப்பின் பௌதிகப் பாடம் வீட்டு முற்றத்திற் செய்முறையாயிற்று.

இம்முறையின் இயல்பு கேட்டலின் இயல்பையே மாற்றியது. சுற்றுபவர் களைத்தால் வானொலியின் ஒலி தாழும். கசெற் கருவியாயின் மின்னழுத்தம் ஓரெல்லைக்குக் கீழே இறங்கியதும் நாடாவின் ஓட்டம் தளர்ந்து பாட்டு இழுபடும். பாடகரின் குரல் தொய்வதைக் கொண்டே கைமாற்ற வேண்டிய நேரத்தை அறிந்துகொள்ளலாம். மூன்று நிமிடப் பாட்டு ஒன்றின் பின்னால் மூன்று நிமிட மனித உழைப்பு இருந்தது. இசையை நுகர்பொருள் எனக் கொள்ளும் சமூகங்களில் மறைந்து கிடக்கும் உற்பத்திச் செலவு இங்கு எல்லோர் கண்முன்னும் வியர்வையாக வெளிப்பட்டது. தனியொருவருக்கான கருவியாக உலகில் அறிமுகமான கசெற் கருவி, வன்னியில் பலர் கூடிக் கேட்கும் கருவியாகவே நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கிடைத்த பற்றரியைக் காக்கவும் மக்கள் வழி கண்டனர். சக்தி தீர்ந்த கலங்களை வெயிலிற் காயவைத்து இன்னும் சிறிது நேரம் பயன்படுத்தினர். நாடாவை முன்னோக்கியும் பின்னோக்கியும் சுழற்றப் பற்றரியை வீணாக்காது, பேனையைப் பல்லிடுக்கிற் செருகிக் கையாற் சுழற்றினர். அறுந்த நாடாவை ஒட்டினர். பற்றரியின் பயனில் செய்திக்கே முதலிடம் இருந்தது. பி.பி.சி. தமிழோசையும் மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாசின் தமிழ் ஒலிபரப்பும் முடிந்த பின்னரே பாட்டுக்கு முறை வந்தது. உயிர்ச்செய்தி ஒருபுறமும் இசை மறுபுறமும் ஒரே பற்றரிக்குப் போட்டியிட்ட நிலையிலும் மக்கள் இசையை முற்றாகக் கைவிடவில்லை என்பது நமது சிந்தனைக்குரியது. பசித்தவர்க்கு இசை ஆடம்பரம் என்னும் பொதுவான எண்ணத்தை இது மறுதலிக்கின்றது.

ஒரு நாடா பல கைகளுக்கு மாறிற்று. படியெடுக்க இரு கருவிகளும் மின்பிறப்பாக்கியும் இருந்த இடங்களில் படிகள் பெருகின. ஒவ்வொரு படியிலும் இரைச்சல் சற்றே கூடும். நான்காம், ஐந்தாம் படியில் பின்னணி வாத்தியங்கள் மங்கிக் குரல் மாத்திரம் எஞ்சும். ஒலிப்பொறியியலாளர் இதனைத் தரவிழப்பு என்பர். சமூக வரலாற்றாளர்க்கோ அந்த இரைச்சல் ஒரு சான்று: பாடல் எத்தனை வீடுகளைக் கடந்து வந்துள்ளது என்பதன் தடயம் அது.

மதகு கைமாறியபோது

இவ்வரலாற்றை ஒடுக்கப்பட்டோரின் தூய படைப்பாற்றல் வரலாறாக மட்டும் எழுதிவிடுதல் எளிது. ஆயின் அது முழுமையான உண்மையாகாது. கொழும்பின் மதகு அடைபட்ட இடத்தில் வேறொரு மதகு எழுந்தது. 1990 நவம்பரில் விடுதலைப் புலிகளின் வானொலியான ‘புலிகளின் குரல்’ தொடங்கப்பட்டது. அவ்வியக்கத்தின் கலை பண்பாட்டு அமைப்புகள் எழுச்சிப் பாடல்களை ஒலிநாடாக்களாக வெளியிட்டன. ஈழத்துக் கவிஞர்களும் இசைவாணர்களும், வெளியிலிருந்து வரும் திரைப்படப் பாடல்களை நம்பியிராது, தமது மண்ணின் பெயர்களையும் தமது பேச்சு வழக்கையும் பாடலாக்கிய காலம் அது. உள்ளூர் இசையாக்கம் அத்தகைய வீச்சினை அதற்கு முன்னர் வன்னியில் பெற்றிருந்ததில்லை.

அதே நாடாக்கள் இளையோரைப் போர்க்களத்திற்கு அழைத்தன. அழைக்கப்பட்டவர்களுள் பராயமடையாதோரும் இருந்தனர். மாற்றுக் கருத்துடையோரின் பாடலுக்கு அங்கு ஒலிபெருக்கி கிடைக்கவில்லை. படியெடுக்கும் சாதனமும் எரிபொருளும் எவரிடம் உள்ளனவோ அவர் விரும்பும் பாட்டே பெருகும் என்னும் பொதுவிதி, தடையை விதித்த அரசுக்கும் தடையினுள் ஆட்சி நடத்திய இயக்கத்திற்கும் ஒருங்கே பொருந்துவதாகும். ஒலிநாடா சனநாயகத் தன்மை வாய்ந்த சாதனம் என்னும் கூற்று உண்மையே. ஆனால் சாதனத்தின் சனநாயகத் தன்மை சமூகத்தின் சனநாயகத்திற்கு ஈடாகாது.

2002 பெப்ரவரி 22இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையோடு பாதை திறந்தது, தடை தளர்ந்தது. ஏ9 நெடுஞ்சாலை வழியே இறுவட்டுகளும் அவற்றை இயக்கும் கருவிகளும் பற்றரிகளும் வந்தன. இது நெடுநாள் நிலைக்கவில்லை. 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2007 நவம்பர் 27இல் ‘புலிகளின் குரல்’ நிலையம் குண்டுவீச்சுக்கு உள்ளானது. அங்கு பணியாற்றியோர் உயிரிழந்தனர். 2009 சனவரியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் படையினர் வசமாயின. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என ஒவ்வோர் இடத்திலும் சுமையைக் குறைத்துக் குறைத்து, மக்கள் முள்ளிவாய்க்காலை அடைந்தனர். அரிசியும் பிள்ளையும் முதியவரும் தோளில் இருக்கையில் ஒலிநாடாவுக்கு இடம் இருந்திராது. மே மாதம் போர் முடிவுற்றபின் இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் வவுனியா மாவட்டத்தின் செட்டிக்குளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். எஞ்சியிருந்த சில நாடாக்களும் அச்சத்திற்குப் பலியாயின: குறித்த சில பாடல்களை வைத்திருப்பதே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் குற்றமாகக் கொள்ளப்படலாம் எனப் பலரும் அஞ்சினர். அச்சம் நுணுகிப் பார்க்காது. எழுச்சிப் பாடல் எது, குழந்தையின் பிறந்தநாட் பதிவு எது, அண்ணாவியார் பாடிய கூத்துப்பாட்டு எது எனப் பெயரெழுதா நாடாக்களிடையே பிரித்தறிய எவருக்கும் அவகாசமிருக்கவில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என நாம் எண்ணிக் கூற முடிகின்றது. வன்னியில் அழிந்த ஒலிநாடாக்களுக்கு எண்ணிக்கை இல்லை, பட்டியலும் இல்லை.

அனுமதிச் சீட்டாக வந்த இசை

இப்பின்னணியிலேயே இன்றைய இணையவழி இசைச் சேவையை நோக்குதல் வேண்டும். 1990களில் யேர்மனியின் பிரவுண்ஹோபர் நிறுவனத்தார் முதன்மைப் பங்காற்றி உருவாக்கிய எம்.பி.3 முறை பாடலைச் சிறு கோப்பாக்கிற்று. 2001 ஒக்ரோபரில் அப்பிள் நிறுவனத்தின் ‘ஐபொட்’ ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பையில் அடக்கியது. 2022இல் அதன் உற்பத்தி கைவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இசை வணிகத்தின் அடிப்படை மாறிவிட்டது. 2006இல் சுவீடனில் நிறுவப்பட்டு 2008இல் சேவையைத் தொடங்கிய ‘ஸ்பொட்டிஃபை’ 2021 பெப்ரவரியில் இலங்கைக்கும் விரிந்தது. மின்சாரமும் 2013 செப்ரெம்பரில் மீண்டும் வந்து சேர்ந்த புகையிரதமும் உள்ள இன்றைய கிளிநொச்சியில், ஓர் இளைஞர் உலகின் எப்பகுதிப் பாடலையும் கைப்பேசியிற் கேட்க இயலும். 2017இல் சந்தைக்கு வந்த ‘மைற்றி’ போன்ற சிறு கருவிகள், இச்சேவையின் பாடல்களைக் கைப்பேசியும் இன்றியே ஏந்திச் செல்ல உதவின.

இவ்வாறு இறக்கி வைத்த பாடல் எத்தகையது? அது கருவியினுள் மறைகுறியாக்கப்பட்ட வடிவில் இருக்கின்றது. அதனைத் திறக்கும் சாவி சேவை நிறுவனத்திடம் உள்ளது. கருவியிலிருந்து எடுத்து மற்றொருவருக்குக் கொடுக்க இயலாது. வேறு கருவியில் ஒலிக்கவும் மாட்டாது. கட்டணம் செலுத்துவோரே பாடலை இறக்கி வைக்கலாம். 30 நாள்களுக்கு ஒருமுறையேனும் இணையத்தோடு தொடர்புகொண்டு, தாம் இன்னும் தகுதியுடையோர்தாம் என உறுதிப்படுத்தாவிடின் இறக்கி வைத்த பாடல்கள் ஒலிக்கமாட்டா. உரிமையாளர்க்கும் நிறுவனத்திற்கும் இடையிலான ஒப்பந்தம் முடிவுற்றாலும் பாடல் மறைந்துவிடும்.

வன்னி மக்களுக்கு இம்முறையை விளக்க ஒரு சொல்லே போதும்: ‘பாஸ்’. வன்னியை விட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் பெற்றவர்களும், வவுனியாவில் தங்குவதற்குப் படைத்தரப்பின் பாஸ் பெற்று, அது முடியுமுன் புதுப்பிக்க வரிசையில் நின்றவர்களும் அவர்கள். காலவரையறை உள்ள, பிறருக்குக் கொடுக்கவியலாத, வழங்கியவர் எந்நேரமும் மீளப்பெறக்கூடிய ஒன்று எவ்வகையிலும் சொத்தாகாது என்பது அவர்களுக்கு அனுபவ அறிவு. ஓர் இசைச் சேவையின் வணிக விதியையும் போர்க்கால நடமாட்டக் கட்டுப்பாட்டையும் துன்பத்தின் அளவில் ஒப்பிடுதல் நமது நோக்கமன்று. இரண்டிலும் உறவின் வடிவம் ஒன்றாயிருப்பதே ஈண்டு சுட்டப்படுகின்றது.

பொருளாதாரம் மற்றொரு பக்கம். இத்தகைய சேவைகளில் வருவாய் பொதுவாகச் செவிமடுப்புகளின் எண்ணிக்கை விகிதத்திற்கேற்பப் பகிரப்படுகின்றது. முந்திய 12 மாதங்களில் 1,000 தடவையேனும் கேட்கப்படாத பாடலுக்கு உரிமைப்பணம் இல்லை என்னும் விதியை ஸ்பொட்டிஃபை 2024இல் நடைமுறைப்படுத்தியது. கோடிக்கணக்கானோர் கேட்கும் திரைப்படப் பாடலுக்கு இவ்விதி ஒரு பொருட்டன்று. ஒரு கிராமத்துக் கூத்துப்பாட்டையோ, ஒரு கோயிலின் சிந்தினையோ விரும்பிக் கேட்போர் சில நூறு பேரெனின், அதன் மதிப்பு பூச்சியம் எனச் சந்தை அறிவித்துவிடுகின்றது. மேலும், உரிமையாளர் இன்னாரென அறியப்பட்டு, விநியோகத்தரின் ஊடாக ஒப்படைக்கப்பட்ட பாடலே இச்சேவையிற் புகும். பாடியவர் காணாமலாக்கப்பட்டும், பதிவு செய்தவர் புலம்பெயர்ந்தும், மூலநாடா மண்ணில் புதைந்தும் போன ஒரு பிரதேசத்தின் இசைக்கு அவ்வாசல் எளிதில் திறக்காது.

மறுபக்கத்தையும் கூறல் நேர்மையாகும். ஒலிநாடாக் கடைகள் தராத உரிமைப்பணத்தை, எவ்வளவு சொற்பமாயினும், இச்சேவைகள் தருகின்றன. பன்னிரண்டு ஆண்டுகள் இருளில் இருந்த மக்களிடம் உலக இசையின் வாசலைத் திறவாதீர் எனக் கூறும் தகுதி எவர்க்கும் இல்லை. நமது மறுப்பு வசதியைப் பற்றியதன்று; வசதி ஒன்றே போதுமென்று கைவசமிருப்பதைக் கைவிடும் போக்கினைப் பற்றியது.

இணைப்பு என்றும் அறாது என்னும் நம்பிக்கையும் வரலாற்றுக்கு ஒவ்வாதது. 2018 மார்ச்சில் கண்டிப் பகுதி வன்முறைகளின்போதும், 2019 ஏப்பிரல் குண்டுத்தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்பிரலில் மக்கள் போராட்டத்தின்போதும் சமூக ஊடகங்களை அரசு முடக்கிற்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றிற்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. எரிபொருள் வரிசையும் இருளும் தீவு முழுவதற்கும் பொதுவானபோது, வடக்கு நெடுங்காலம் கண்டிருந்த நிலையின் ஒரு சிறு கூறினைத் தெற்கும் அறிந்துகொண்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. இணைப்பின்றி இசை கேட்டல் புதியதன்று. நினைவு, ஒலிநாடா, கோப்பு என அது பல வடிவங்களைக் கண்டுள்ளது. ஒவ்வொரு வடிவத்திலும் வினவ வேண்டியது, பாடலின் சாவி எவர் கையில் என்பதாகும். வன்னி மக்களின் ஒலிநாடா மின்சாரத்தை இழந்திருந்தது. ஆனால் சாவி அவர்களிடமே இருந்தது. இன்றைய கைப்பேசி மின்சாரத்தைப் பெற்றுள்ளது. சாவியோ கடல் கடந்து உள்ளது.

இதனைக் கூறிப் பெருமூச்சுவிடுவது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் பணி ஆகாது. காந்த நாடா என்றென்றும் நிலைப்பதன்று. நமது ஈரலிப்பான காலநிலையில் அதிற் பூஞ்சணம் பிடிக்கும், காந்தத் துகள் உதிரும், நாடாவை ஒலிக்கச் செய்யும் கருவிகளும் அருகி வருகின்றன. வன்னியின் வீடுகளிலும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் உறவினரின் பெட்டிகளிலும் எஞ்சியுள்ள ஒலிநாடாக்களைத் தேடிப் பெற்று எண்ணிமப்படுத்தும் காலம் குறுகியது. 2005 முதல் ஈழத்து அச்சாவணங்களைத் திறந்த முறையில் எண்ணிமப்படுத்தி வரும் நூலகத் திட்டம், தனியொரு நிறுவனத்தின் தயவின்றியே இத்தகைய பணி இயலும் என்பதைக் காட்டியுள்ளது. எம்.பி.3 முறைக்கான காப்புரிமை உரிமத் திட்டம் 2017இல் முடிவுற்றுவிட்டதால், அவ்வடிவத்தைப் பயன்படுத்த எவரிடமும் காப்புரிமை அனுமதி கோர வேண்டியதில்லை. மூலப்படியைச் சுருக்கமற்ற வடிவில் காப்பகத்திலும், கேட்கும் படியைச் சிறு கோப்பாக மக்களிடத்தும் வைக்கலாம்.

சேகரிக்கையில் தெரிவு செய்தல் கூடாது. எழுச்சிப் பாடல் இயக்கத்தினது என்று ஒதுக்குவதோ, திரைப்படப் பாடல் தரங்குறைந்தது என்று தள்ளுவதோ, வீட்டுக் குரற்பதிவு இலக்கியமன்று என்று விடுவதோ வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும். 2009இல் அச்சம் செய்த அழிப்பினை ஆய்வாளரின் இரசனை மீண்டும் செய்தல் தகாது. நாடாவின் உறையில் எழுதப்பட்ட பெயர், திகதி, பாடல் வரிசை, அது எவ்வூரில் எவ்வெவ் வீடுகளுக்குச் சென்று வந்தது என்னும் செய்தி ஆகியனவும் பாடலோடு சேர்த்துப் பதியப்படல் வேண்டும். அத்துடன், சைக்கிளைக் கவிழ்த்து மிதிபடியைச் சுற்றியவர்கள் இன்று நடுவயதைக் கடந்துகொண்டிருக்கின்றனர். அவர்கள் சுற்றிய டைனமோவின் இணைப்புமுறையும், அவர்கள் கேட்ட பாடல்களின் பட்டியலும், அவர்களது வாய்மொழியாகவே பெறப்பட வேண்டியவை. அவ்வேலையைத் தொடங்குவதற்கு ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் வன்னிக்குச் செல்லும் பேருந்தும் போதுமானவை.